செவ்வணுவின் வாயிற்கதவு



சென்ற ஆண்டு தசராத் திருவிழாவைக் கண்டு களிக்க நம் இல்லத்திற்கு வந்த விருந்தினருள் மைத்துனரின் மைந்தனும் ஒருவன். சென்னையில் ஒரு கட்டட ஒப்பந்தக்காரரிடம் கணக்கெழுதிக்கொண்டே இரயில்வேப் பணிக்கான தேர்வுக்கும் படித்துவந்தான். ஊரெல்லாம் ஜம்பு சவாரியைக் காண அரண்மனை வீதியிற் கூடியிருந்த வேளையில், அவன் மட்டும் இரண்டு கம்பளிகளைப் போர்த்துக்கொண்டு பற்கள் கிடுகிடுக்க நடுங்கிக்கொண்டிருந்தான். ஒரு நாழிகை குளிர், பின்னர் அனலாய்க் கொதிக்கும் சுரம், அதன் பின்னர் ஆறாய்ப் பெருகும் வியர்வை. மறுநாள் ஒன்றுமில்லை, எழுந்து நடமாடினான். அதற்கடுத்த நாள் அதே வேளையில் மீண்டும் அதே நடுக்கம். அருகிலுள்ள சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் சென்றோம். விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்த்து, “மலேரியா, அதிலும் வைவாக்ஸ் என்னும் வகை” என்று கூறினர்.

மருத்துவர் இருவகை மாத்திரைகள் கொடுத்தார். ஒன்று மூன்று நாளைக்கு. மற்றொன்று பதினான்கு நாளைக்கு. மூன்றாம் நாளே காய்ச்சல் நின்றது. “மாமா, இன்னும் பத்து நாளைக்கு மேல் இந்த மாத்திரையைத் தின்னவேண்டுமாமே, வயிற்றைப் புரட்டுகிறது” என்றான் பையன். வீட்டிற்குப் பெரியவர் என்னும் உரிமையில் நாம் என்ன சொன்னோம் தெரியுமா? “காய்ச்சல்தான் நின்றுவிட்டதே; நோயில்லாத உடம்பில் மருந்தைக் கொட்டுவானேன்? விட்டுவிடு” என்றோம். அவனும் விட்டுவிட்டுச் சென்னைக்கு வண்டியேறினான். எஞ்சிய மாத்திரைகள் நம் வீட்டுக் கடிகார மாடத்தில் தங்கிவிட்டன.

திசம்பர்த் திங்களில் அமைதியாகப் படிக்கவேண்டி மீண்டும் மைசூருக்கு வந்தான். தேர்வுக்கு நான்கு நாள் இருக்கையில் அதே குளிர், அதே நடுக்கம். “புதிதாக எங்கேனும் கொசு கடித்திருக்கும்” என்று நாம் மழுப்பப் பார்த்தோம். மருத்துவர் நம்மை நிமிர்ந்து நோக்கி, “முன்பு கொடுத்த பதினான்கு நாள் மாத்திரைகளை முடித்தானா?” என்று கேட்டார். நம் மனக்கண்முன் கடிகார மாடம் தோன்றிற்று. விடை சொல்ல நாவெழவில்லை. பையன் அத்தேர்வை எழுதவில்லை. வயது வரம்பை நெருங்கிக்கொண்டிருப்பவனுக்கு ஒரு தேர்வு போவதென்பது எத்தகைய இழப்பென்பதை, அதே துறையில் ஊழியம் செய்யும் நாம் அறியாமலில்லை. அவன் நம்மை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. அதுவே நம்மைப் பெரிதும் சுட்டது.

இதனிடையே தெருவில் இரண்டு சொற்கள் உலவின. “வெளியூரிலிருந்து வருகின்றவர்கள் கொண்டுவந்து சேர்க்கும் காய்ச்சல் இது” என்பது ஒன்று. அதைச் சொன்னவர் இரண்டு தலைமுறைக்கு முன்னர் சேலத்திலிருந்து இங்கு வந்து குடியேறிய குடும்பத்தவர் என்பதை இங்கே குறித்துவைக்கின்றோம். மற்றொன்று நம் சங்கத்து முதியவர் ஒருவர் சொன்னது: “எங்கள் பரம்பரையில் எவருக்கும் மலேரியா வந்ததில்லை, எங்கள் இரத்தத்தின் வலு அப்படி.” இரத்தத்தில் அப்படியொரு வலு உண்டா என்னும் ஐயம் நமக்கும் எழுந்தது. மெட்ரிகுலேஷன் தேறியதோடு பள்ளியைவிட்டு நீங்கிப் பார்சல் ஆபீசில் பேரேடு எழுதப் புகுந்த நமக்கு இவையெல்லாம் எளிதில் விளங்கும் பொருள்கள் அல்ல. எனினும், செய்த பிழைக்குக் கழுவாயாகவேனும் படித்தறிதல் வேண்டுமென்று முனைந்தோம். படித்தவற்றுள் நம் அன்பர்களுக்குப் பயன்படுவனவற்றை இத்திங்கள் எடுத்துரைக்கின்றோம்.

மைசூரும் மலேரியாவும்

மலேரியாவைப் பரப்புவது கொசுவே என்பதை ரொனால்டு ராஸ் என்னும் படைமருத்துவர் 1897ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் நாள் செகந்திராபாத்தில் கண்டறிந்தார் என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்ததே. ஆனால் நம் மைசூரின் பெயரைத் தாங்கிய கொசு ஒன்று உண்டென்பதைப் பலரும் அறியார். மைசூர்ச் சமஸ்தானத்தில் மலேரியாவை ஆராய்ந்த ஸ்வீட் என்னும் அமெரிக்க மருத்துவரும் பி. ஏ. ராவ் என்னும் நம் நாட்டு அறிஞரும், அனோபிலிஸ் ஸ்டிபென்ஸி என்னும் கொசுவின் முட்டைகளை உருப்பெருக்கியில் வைத்து நோக்கினர். நீரில் மிதப்பதற்காக அம்முட்டையின் இருமருங்கும் காற்றுப்பை போன்ற மிதவைகள் உண்டு. அம்மிதவைகளில் அமைந்த வரிகளின் எண்ணிக்கை எல்லா முட்டைகளிலும் ஒரே அளவினதாய் இல்லை. வரி குறைந்தவற்றைத் தனியொரு வகையாகப் பிரித்து, 1937ஆம் ஆண்டில் அதற்கு ‘மைசூரென்சிஸ்’ என்று பெயரிட்டனர். மைசூரென்சிஸ் பெரும்பாலும் நாட்டுப்புறத்தில் மாட்டின் குருதியை நாடுவது. மனிதர்க்கு அத்துணைத் தீங்கு செய்வதன்று. அதன் உடன்பிறப்பாகிய மூல வகையோ நகரத்துக் கிணறுகளிலும் மாடித் தொட்டிகளிலும் முட்டையிட்டு மலேரியாவைப் பரப்புவது. சென்னையில் நெடுங்காலமாக மலேரியாவுக்குக் காரணமாய் இருந்துவருவது இதுவே. நம் மைத்துனர் மைந்தன் தங்கியிருந்தது புதிதாய் எழும் கட்டடமொன்றின் கீழ்த்தளத்தில். பக்கத்திலேயே சிமெண்டு நனைக்கும் நீர்த்தொட்டி. வேறு சான்றும் வேண்டுமோ?

நாடு விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டில், நம் மக்களுள் ஆண்டுதோறும் ஏழரைக் கோடிப் பேர் மலேரியாவால் பீடிக்கப்பட்டனர் என்றும், எட்டு இலட்சம் பேர் மாண்டனர் என்றும் மதிப்பிட்டுள்ளனர். 1953இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டமும், 1958இல் ஒழிப்புத் திட்டமும் தொடங்கப்பெற்றன. அறுபதுகளின் நடுவில் நோயாளர் தொகை ஓரிலட்சம் என்னுமளவிற்குச் சுருங்கியது. ‘ஒழிந்தது பகை’ என்று அயர்ந்திருந்த வேளையில் நோய் மீண்டும் தலைதூக்கி, 1976இல் அறுபத்துநான்கு இலட்சமாயிற்று. நம் வீட்டில் நடந்ததும் அளவிற் சிறியதாயினும் இதே கதையன்றோ? 2030க்குள் மலேரியாவை அறவே நீக்குவதென்று அரசு உறுதி பூண்டு, இப்பொழுது மீண்டும் பாடுபட்டுவருகின்றது.

டஃபி என்னும் பெயர்

இனி, இரத்தத்தின் வலுவைப் பற்றிய கேள்விக்கு வருவோம். அமெரிக்க மருத்துவர்கள் ஒரு புதுமையைக் கண்டு நெடுநாள் வியந்திருந்தனர். மேகநோய் மூளையைத் தாக்கினால் அக்காலத்தில் அதற்குத் தக்க மருந்தில்லை. ஆதலின் நோயாளியின் உடம்பில் மலேரியாக் கிருமியையே ஏற்றி, அக்காய்ச்சலின் வெம்மையால் மேகநோயைத் தணிப்பது வழக்கமாயிருந்தது. 1930களில் அங்ஙனம் வைவாக்ஸ் கிருமியை ஏற்றியபோது வெள்ளையருக்குக் காய்ச்சல் கண்டது. ஆப்பிரிக்க வழியினருள் பெரும்பாலாருக்குக் காணவில்லை. மேற்கு ஆப்பிரிக்காவிலும் வைவாக்ஸ் மலேரியா மிக அரிதாகவே இருந்தது. காரணம் எவருக்கும் விளங்கவில்லை.

விடைக்கான முதல் நூலிழை முற்றிலும் வேறோரிடத்தில் அகப்பட்டது. 1950ஆம் ஆண்டில் இங்கிலாந்தில், இரத்தம் உறையாத நோயினால் பலமுறை பிறர் இரத்தம் ஏற்றப்பெற்ற ஒருவரின் குருதியில், அதுவரை அறியப்படாத எதிர்ப்பொருள் ஒன்று காணப்பட்டது. ஏ, பி, ஓ என்னும் வகைகளும், ஆர்.எச். என்னும் வகையும் பொருந்தியிருந்தும், ஏற்றிய இரத்தம் அவருக்கு ஒவ்வாமற்போயிற்று. ஆதலின் செவ்வணுவின் மேல் இன்னுமொரு குறி இருத்தல்வேண்டும் என்பது தெளிவாயிற்று. அந்நோயாளியின் பெயராலேயே அதனை ‘டஃபி’ வகை என்று வழங்கலாயினர். அவ்வகையுள் ஏ, பி என்னும் இரண்டு உட்பிரிவுகள் உண்டு. ஒருவருக்கு ஏ மட்டும் இருக்கலாம், பி மட்டும் இருக்கலாம், இரண்டும் இருக்கலாம். இரண்டுமே இல்லாமலும் இருக்கலாம். இரண்டுமற்ற நிலை ஐரோப்பியரிடம் காண்பதற்கரிது. மேற்கு ஆப்பிரிக்கரிடமோ அதுவே பெருவழக்கு.

இவ்விரு செய்திகளையும் இணைத்துப் பார்த்தவர் லூயி மில்லர் என்னும் அமெரிக்க அறிஞர். டஃபி குறியற்ற செவ்வணுக்களைக் குரங்கு மலேரியாக் கிருமியொன்றினோடு கண்ணாடிக் குழலில் கலந்துவைத்தார். கிருமி அணுவை அணுகியது, தொட்டது, ஆனால் உள்ளே புகவில்லை. 1975இல் அதனை வெளியிட்டார். மறு ஆண்டில் மனிதரைத் தாக்கும் வைவாக்ஸுக்கும் அதுவே விதியென்று நிறுவினார். ஆகவே, டஃபி என்பது வைவாக்ஸ் கிருமி செவ்வணுவினுள் புகும் வாயில். வாயிலே இல்லாத வீட்டில் திருடன் எவ்வழி புகுவான்?

அவ்வாயிலின் உண்மையான பணி

இங்கே நாம் நிறுத்திச் சிந்திக்கவேண்டும். நம் உடம்பு கிருமிக்கென்று ஒரு வாயிலை அமைத்துவைக்குமா? ஒருநாளும் வையாது. அப்படியாயின் அவ்வமைப்பின் உண்மையான வேலை யாது? அவ்வினாவுக்கு விடை 1993இல் கிடைத்தது.

உடம்பில் ஓரிடத்தில் காயமோ சீழோ உண்டானால், அங்குள்ள அணுக்கள் சிறுசிறு புரதங்களைச் சுரந்து அனுப்புகின்றன. அவற்றிற்குக் கீமோகைன் என்று பெயர். “இவ்விடத்தில் பகை புகுந்துள்ளது, உடனே வருக” என்று வெள்ளணுக்களை அழைக்கும் தந்திகள் என்று அவற்றைக் கூறலாம். வெள்ளணுவின் மேற்பரப்பில் அத்தந்தியை வாங்கும் புரதங்கள் உண்டு. அவை ஏற்பிகள் எனப்படும். ஏற்பி தந்தியை வாங்கியதும் அணுவின் உள்ளே செய்தி போகும். அணு புறப்பட்டுக் காயத்தை நோக்கி ஊர்ந்து செல்லும்.

செவ்வணுவின் மேலும் கீமோகைன் ஒட்டிக்கொள்ளும் இடமொன்று உண்டென்பதை அறிஞர்கள் முன்னரே கண்டிருந்தனர். அதுவும் டஃபியும் ஒன்றே என்று 1993இல் மெய்ப்பித்தனர். அவ்வாய்வை வெளியிட்ட குழுவினருள் மில்லரோடு சேத்தன் சிட்னிஸ் என்னும் நம் நாட்டு இளைஞரும் ஒருவர். அதே ஆண்டில் நியூயார்க்கு இரத்த நிலையத்தில் அசோக் சௌதுரியும் அவருடைய குழுவினரும் அப்புரதத்தை ஆக்கும் மரபணுவைப் பிரித்தெடுத்துப் படித்தனர். இப்பொழுது அதன் முறையான பெயர் ஏசிகேஆர்1. ‘வழக்கத்திற்கு மாறான முதலாம் கீமோகைன் ஏற்பி’ என்பது பொருள்.

வழக்கத்திற்கு மாறானதென்பது ஏன்? மற்ற ஏற்பிகள் தந்தியை வாங்கினால் உள்ளே செய்தியை அனுப்புகின்றன என்றோம். இதுவோ வாங்குகின்றது, வைத்துக்கொள்கின்றது, உள்ளே ஒன்றும் அனுப்புவதில்லை. நம் பார்சல் ஆபீஸ் வழக்கில் உரைப்பதாயின், இது சரக்கை அனுப்பும் மேடையன்று, தேக்கிவைக்கும் கிடங்கு. இரத்தத்தில் கீமோகைன் அளவுக்கு மீறிப் பெருகினால் செவ்வணுக்கள் அதனைப் பற்றி வைத்துக்கொள்கின்றன. குறைந்தால் சிறிது சிறிதாக விடுவிக்கின்றன. ஓயாத தந்திகளால் வெள்ளணுக்கள் வீணே அலைக்கழியாமல் காப்பது இதன் தொண்டு. செவ்வணுவில் மட்டுமன்றி, நுண்ணிய இரத்தக் குழாய்களின் உட்சுவரிலும் இப்புரதம் உண்டு. அங்கே அதன் வேலை வேறு. தசைப்பக்கத்தில் சுரந்த கீமோகைனைச் சுவரின் ஊடே சுமந்து வந்து இரத்தம் ஓடும் பக்கத்தில் காட்டுகின்றது. ஓடும் வெள்ளணு அதனைக் கண்டு நின்று, சுவரைத் துளைத்து வெளியேறிக் காயத்தை அடைகின்றது. ஒரே புரதம் ஓரிடத்தில் கிடங்கு, மற்றோரிடத்தில் சுமைகூலி.

இதன் உருவம் 336 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு நூல். அந்நூல் அணுவின் மெல்லிய தோலை ஏழுமுறை ஊடுருவித் தைத்தாற்போல் அமைந்துள்ளது. அதன் ஒரு முனை வெளியே வால்போல் நீண்டிருக்கும். அவ்வாலில் 42ஆம் இடத்தில் கிளைசின் என்னும் அமிலம் இருந்தால் ஏ வகை. அஸ்பார்டிக் அமிலம் இருந்தால் பி வகை. ஓர் எழுத்து மாறினால் ஒரு சொல்லின் பொருள் மாறுவது போல! வைவாக்ஸ் கிருமி தன் தலையில் ஒரு புரதக் கொக்கியை வைத்துள்ளது. அக்கொக்கி பற்றுவது இந்த வாலைத்தான். பற்றியபின் செவ்வணுவின் தோலை விலக்கிக்கொண்டு உட்புகுந்து, உள்ளிருந்தே தின்று பெருகுகின்றது. நாற்பத்தெட்டு மணிக்கு ஒருமுறை அணுவை வெடித்து வெளிவருகின்றது. ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர் வந்ததன் காரணம் இதுவே. ஏ வகையை அக்கொக்கி சற்றுத் தளர்வாகவே பற்றுகின்றதென்றும், ஆதலின் ஏ மட்டும் உடையாருக்கு இந்நோயின் துன்பம் ஓரளவு குறைவென்றும் 2011இல் ஓர் ஆய்வு கூறியது.

அம்மரபணு இருப்பது முதலாம் குரோமோசோமில். அதனைக் கண்ட கதை சுவையானது. ரோஜர் டானஹியூ என்னும் அமெரிக்க மாணவர் தம்முடைய அணுவையே உருப்பெருக்கியில் வைத்து நோக்கியபோது, தம் முதலாம் குரோமோசோம் ஒன்று ஓரிடத்தில் முறுக்குத் தளர்ந்திருக்கக் கண்டார். தம் உறவினர் பலரின் இரத்தத்தையும் சோதித்தார். அத்தளர்ச்சியும் டஃபி வகையும் குடும்பத்தில் ஒன்றாகவே வழிவழி வருவதைக் கண்டார். 1968இல் அது வெளியாயிற்று. ஆண் பெண் வேறுபாட்டைக் குறிக்கும் குரோமோசோம்கள் நீங்கலாக, மனிதனின் மற்றக் குரோமோசோம்களுள் ஒன்றில் ஒரு மரபணுவின் இருப்பிடம் குறிக்கப்பட்டது அதுவே முதன்முறை. உறவினர் பட்டியலை எழுதிவைப்பதும் ஒருவகை ஆராய்ச்சியே என்பதை நம் சங்கத்து முதியோர்க்கு நினைவூட்டுகின்றோம்.

வலு யாருக்கு?

ஆப்பிரிக்கரின் செவ்வணுவில் டஃபி இல்லாமற்போனது எங்ஙனம்? மரபணு கெட்டுவிட்டதா? இல்லை. மரபணுவுக்கு முன்னால் அதனை இயக்கும் விசைப்பகுதியில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கின்றது. செவ்வணு உருவாகும் இடத்தில் மட்டும் அவ்விசை வேலை செய்வதில்லை. இரத்தக் குழாய்ச் சுவரில் அப்புரதம் வழக்கம்போல் உண்டாகின்றது. 1995இல் இது தெளிவாயிற்று. அப்படிப்பட்டவர்களுக்கு இரத்தத்தில் ஒருவகை வெள்ளணுவின் எண்ணிக்கை பிறரினும் குறைவாக இருக்கும். அது நோயன்று, அவர்கள் இயல்பே அது. இதனை அறியாத காலத்தில் அவர்களை நோயாளர் என்று எண்ணிய மருத்துவரும் உண்டு. அளவுகோலை ஓரினத்தார் உடம்பிலிருந்து எடுத்து மற்றோரினத்தாரை அளந்ததன் பிழை அது.

நம் நாட்டு மக்களிடையே ஏ வகையும் பி வகையும் பரவியிருக்கின்றன. இரண்டுமற்ற நிலை மிக மிக அரிது. ஆகவே, “எங்கள் இரத்தம் வலுவுடையது” என்ற முதியவரிடம் நாம் பணிவோடு கூறுவது இதுதான்: ஐயா, தங்கள் செவ்வணுவிலும் அவ்வாயில் திறந்தே இருத்தல்வேண்டும். தங்கள் பரம்பரையில் மலேரியா வாராதது நல்லூழ். அல்லது வந்தபோது வேறு பெயரால் அழைத்திருப்பீர்கள். அன்றியும், வாயிலற்றோரும் முற்றிலும் அஞ்சாதிருக்கலாகாதென்பதை 2010இல் மடகாஸ்கர்த் தீவில் கண்டனர். அங்கே டஃபி அற்றவர் சிலரிடமும் வைவாக்ஸ் காணப்பட்டது. திருடன் வேறொரு வழி தேடிக்கொண்டான் போலும்!

“வெளியூரார் கொண்டுவந்த காய்ச்சல்” என்றவருக்கும் இதிலேயே விடையுண்டு. தமிழன் செவ்வணுவில் உள்ள வால் எதுவோ அதுவே கன்னடத்தார் செவ்வணுவிலும் உள்ளது. கிருமி எவர் எம்மொழி பேசுவார் என்று கேட்டுப் புகுவதில்லை. பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் போகும் தொழிலாளி நோயை உண்டாக்கினவன் அல்லன். நீர்த்தொட்டியின் அருகே கொசுவலையின்றிப் படுக்கவேண்டிய நிலையில் அவனை வைத்தோமே, அங்கேதான் நோய் உண்டாயிற்று. அவனைத் தெருவார் பழித்தால் அவன் காய்ச்சலை மறைப்பான். மறைத்தால் சோதனை இல்லை. சோதனை இல்லையேல் மருந்து இல்லை. மங்களூரில் 1990களிலிருந்து கட்டட வேலை பெருகியபோது மலேரியாவும் உடன் பெருகியது. தொழிலாளரைத் தேடிச்சென்று இரத்தம் சோதிப்பதே அங்கே நோயைத் தணிக்க வேண்டியதாயிற்று; விலக்கிவைத்திருந்தால் தணிந்திராது.

கடிகார மாடத்து மாத்திரை

இனி நம் பிழைக்கு வருவோம். கொசு கடித்ததும் கிருமி நேரே செவ்வணுவுக்குப் போவதில்லை. முதலில் ஈரலுக்குப் போகின்றது. அங்கே பெருகி, பின்னரே இரத்தத்தில் இறங்குகின்றது. வைவாக்ஸ் வகையில் ஒரு வஞ்சனை உண்டு. ஈரலுக்குச் சென்றவற்றுள் சில பெருகாமல் உறங்கிக் கிடக்கும். வாரங்களோ திங்கள்களோ கழித்து விழித்தெழுந்து மீண்டும் இரத்தத்தில் இறங்கும். புதிய கொசு ஒன்றும் கடிக்கவேண்டுவதில்லை.

மூன்று நாள் கொடுக்கும் குளோரோகுயின் இரத்தத்திலுள்ள கிருமியைக் கொல்லும், காய்ச்சல் நிற்கும். ஈரலில் உறங்குவதை அது தொடாது. உறங்குவதைக் கொல்வதற்கே பதினான்கு நாள் பிரிமாகுயின். ஆகவே, காய்ச்சல் நின்ற பின்னரே அம்மருந்தின் முக்கிய வேலை நடக்கின்றது. ‘நோயில்லாத உடம்பில் மருந்து எதற்கு’ என்று நாம் சொன்ன வேளையில், அவன் ஈரலில் நோய் படுத்துறங்கிக்கொண்டிருந்தது.

ஒன்றை மறவாமற் கூறவேண்டும். பிரிமாகுயினை மருத்துவர் சொல்லாமல் எவரும் தாமாக உண்ணலாகாது. கருவுற்ற மகளிர்க்கும் கைக்குழந்தைகளுக்கும் அதைக் கொடுப்பதில்லை. ஜி6பிடி என்னும் பொருள் இரத்தத்தில் பிறவியிலேயே குறைந்தவர்கள் சிலருண்டு. அவர்களுக்கு இம்மருந்தால் செவ்வணுக்கள் உடையும். மருந்துண்ணும்போது சிறுநீர் கறுத்துக் காப்பி நிறமானால் உடனே நிறுத்தி மருத்துவரிடம் செல்க. வயிறு புரட்டினால் உணவுக்குப் பின் உண்க. அதற்காக மருந்தையே விட்டுவிடற்க. சென்னை, மங்களூர் போன்ற இடங்களுக்குச் சென்று வந்தவர்களுக்குக் காய்ச்சல் கண்டால், எங்கே சென்றுவந்தோம் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே கூறுக. அரசு சுகாதார நிலையங்களில் சோதனையும் மருந்தும் இலவசம். கொசு முட்டையிலிருந்து வெளிவந்து பறக்க ஒரு வாரத்திற்கு மேலாகும். ஆதலின் வீட்டுத் தொட்டிகளை வாரம் ஒருமுறை கவிழ்த்து உலர்த்தினாலே பாதி வேலை முடிந்தது.

செவ்வணுவின் வாயிலைப் பற்றிய அறிவு ஏட்டோடு நின்றுவிடவில்லை. கிருமியின் கொக்கியையே தடுப்பூசியாக்கினால், உடம்பு அக்கொக்கியைப் பற்றி மூடும் எதிர்ப்பொருளை உண்டாக்கும். வாயில் திறந்திருந்தும் கிருமி உள்ளே புகவியலாது. இவ்வெண்ணத்தைக்கொண்டு சேத்தன் சிட்னிஸ் தாயகம் திரும்பிப் புதுதில்லியில் பல்லாண்டு உழைத்தார். 2010ஆம் ஆண்டின் இன்ஃபோசிஸ் பரிசையும் பெற்றார். மனிதரிடத்துச் சோதனைகள் நடைபெற்றுள்ளன. அத்தடுப்பூசி கைக்கு வரும்வரை நமக்கு உள்ள காவல் கொசுவலையும் சோதனையும் முழு மருந்துமே.

மைத்துனர் மைந்தன் இம்முறை பதினான்கு நாளும் மாத்திரை உண்டான். நாள்தோறும் இரவு உணவுக்குப் பின் நாமே எண்ணிக் கொடுத்தோம். நாட்காட்டியில் கோடு போட்டோம். பதினான்காம் கோட்டைப் போட்டபோது, “மாமா, அடுத்த தேர்வு அறிவிப்பு வந்ததும் மறக்காமல் சொல்லுங்கள்” என்றான். மறப்போமா? நாள்தோறும் ஆபீசுக்குள் நுழைந்ததும் அறிவிப்புப் பலகையைப் பார்த்துக்கொண்டிருக்கின்றோம்.

அன்பர்களே, உங்கள் வீட்டுக் கடிகார மாடத்தையும் ஒருமுறை பாருங்கள். பாதியில் விட்ட மாத்திரை ஏதேனும் அங்கே இருந்தால், அதை எடுத்துக்கொண்டு நாளைக் காலையிலேயே மருத்துவரிடம் செல்லுங்கள். அடுத்த திங்கள் வேறொரு பொருளோடு சந்திப்போம். நலம் பெருகுக.